எலக்ட்ரான் இறங்கினால் புரோட்டான் ஏன் ஏற வேண்டும்?

மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான் உடலுக்குள் போய்க் கரியமில வாயுவாக மாறி வெளியே வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி தண்ணீராக மாறுகிறது. வெளியே விடும் கரியமில வாயுவில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் நாம் சாப்பிட்ட உணவிலிருந்தும் உடலில் உள்ள நீரிலிருந்தும் வந்தவை.

இந்தத் தவறைத் திருத்துவது சுலபம். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அது எதையும் விளக்குவதில்லை: "எலக்ட்ரான்கள் பாயும்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளப் பயன்படுகிறது." பாடக் குறிப்புகளிலும் காணொளி வகுப்புகளிலும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மாணவர்கள் இதை அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் எப்படிப் பயன்படுகிறது? ஓர் எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போனால், வேறோர் இடத்தில் சும்மா நிற்கும் புரோட்டான் ஏன் நகர வேண்டும்? வெளிப்பட்ட ஆற்றல் வெறும் சூடாகிப் போய்விடலாமே? அப்படியே நகர்ந்தாலும், வெளியே மட்டும்தான் போக வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது?

உயிரியலின் மிக அழகான பகுதிகளில் ஒன்று இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதை ஒரே வரியில் தாண்டிப் போவது மாணவர்களுக்குப் பெரிய இழப்பு.

## எங்கே நடக்கிறது?

நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய தடுப்பு. நமக்கு வேண்டியது உட்சவ்வு மட்டும். அதன் தடிமன் 5, 6 நானோமீட்டர்தான். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோமீட்டர். இவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், மின்னூட்டம் உள்ள துகள்களை இது எளிதில் விடாது.

இந்தக் கதையில் இரண்டு துகள்கள் வருகின்றன. ஒன்று எலக்ட்ரான், எதிர்மின்னூட்டம் கொண்டது. இன்னொன்று புரோட்டான், நேர்மின்னூட்டம் கொண்டது. ஹைட்ரஜன் அணு தன்னிடம் உள்ள ஒரே எலக்ட்ரானை இழந்தால் மிஞ்சுவதுதான் புரோட்டான். புளிப்பான எதிலும் இவை அதிகம்.

நாம் சாப்பிட்ட சோறும் எண்ணெயும் செல்லுக்குள் படிப்படியாக உடையும்போது அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் கழற்றப்படுகின்றன. இவற்றை இரண்டிரண்டாகச் சுமந்து வரும் மூலக்கூறின் பெயர் என்ஏடிஎச். அது உட்சவ்வில் பதிந்திருக்கும் நொதிகளிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கிறது. நொதி என்பது வேதிவினையை விரைவாக நடத்தித் தரும் புரதம். எலக்ட்ரான்கள் நொதி விட்டு நொதி மாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. சுவாச நொதிகள் என்று சொல்வது இந்த வரிசையைத்தான். முதலாவது, மூன்றாவது, நான்காவது நொதிகள் எலக்ட்ரானை நகர்த்தும்போதே புரோட்டானையும் உள்ளிருந்து வெளியே ஏற்றுகின்றன.

வெளியே சேர்ந்த புரோட்டான்கள் திரும்பி உள்ளே வருவதற்கு ஒரு வழி உண்டு. ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலும் நொதி அது. அதன் வழியாகப் புரோட்டான்கள் இறங்கும்போது அது சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. தசை சுருங்குவதிலிருந்து நரம்பு வேலை செய்வது வரை செல்லின் பெரும்பாலான காரியங்களுக்குச் செலவாகும் மூலக்கூறுதான் ஏடிபி. எந்த நேரத்திலும் நம் உடலில் இது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் அது உடைவதும் மறுபடி உருவாவதுமாக ஒரு நாளில் புரளும் மொத்த அளவு ஏறக்குறைய நம் உடல் எடைக்கு வந்துவிடும்.

இதுவரை பார்த்ததில் மூன்று நகர்வுகள் இருக்கின்றன. எலக்ட்ரான் தானாக இறங்குகிறது, அதோடு சேர்ந்து புரோட்டான் ஏறுகிறது, ஏறிய புரோட்டான் திரும்ப இறங்கும்போது ஏடிபி கிடைக்கிறது. நமக்குப் புரிய வேண்டியது நடுவில் உள்ளது.

## கவலை ஏற்றம்

மோட்டார் பம்பு வருவதற்கு முன் கிணற்றுப் பாசனத்துக்குக் கவலை ஏற்றம் இருந்தது. தெற்கே கமலை என்பார்கள். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். மாடுகள் அந்தச் சரிவில் இறங்க, வடம் உருளையின் மேல் ஓட, கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். மாடு இறங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. இரண்டையும் இணைப்பது வடம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு பாகம் உண்டு. சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் ஒன்று தொங்கும். சால் ஏறிவரும்போது தனியாக ஒரு மெல்லிய கயிறு அந்த வாலை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். அதனால் வழியில் தண்ணீர் கொட்டாது. சால் கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் வால் நீண்டு விரிந்து, தண்ணீர் வாய்க்காலில் பாயும். அதாவது சாலின் வாய் எப்போது திறக்க வேண்டும், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. இது இல்லாவிட்டால் மாடு எத்தனை தடவை இறங்கினாலும் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வராது.

எலக்ட்ரானை மாடு என்றும் புரோட்டானைத் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுவாச நொதியைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். வடம் எது? தோல் வால் எது?

## மிட்செல் சொன்னபோது யாரும் ஏற்கவில்லை

எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் தொடர்பு இருப்பது 1940களிலேயே தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஆற்றல் செறிந்த ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தார்கள். நல்ல நல்ல ஆய்வகங்கள் பல ஆண்டுகள் தேடியும் அந்தப் பொருள் கிடைக்கவில்லை.

1961ல் பீட்டர் மிட்செல் என்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர், அப்படி ஒரு பொருளே இல்லை என்று எழுதினார். எலக்ட்ரான் ஓட்டம் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கம் சேர்க்கிறது, அந்த ஏற்றத்தாழ்வுதான் நடுவில் நிற்கும் ஆற்றல் என்பது அவர் வாதம். பலர் எதிர்த்தார்கள். அவர் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டுத் தனி ஆய்வகமாக்கி, ஜெனிஃபர் மாயில் என்ற சக ஆய்வாளருடன் சோதனைகளைத் தொடர்ந்தார்.

சான்றுகள் வெளியிலிருந்தும் வந்தன. 1966ல் ஆண்ட்ரே ஜாகெண்டார்ஃபும் எர்னஸ்ட் யூரிபேயும், தாவரத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் சவ்வுகளை முதலில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். வேலை முழுவதும் இருட்டில் நடந்தது, ஒளியே கிடையாது. ஆனாலும் ஏடிபி உருவானது. 1974ல் எஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கனியஸும் இதைவிடத் துணிச்சலான ஒரு சோதனை செய்தார்கள். உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஒளிபட்டால் புரோட்டானை ஏற்றும் புரதத்தை எடுத்தார்கள். மாட்டு இதயத்திலிருந்து ஏடிபி சிந்தேஸை எடுத்தார்கள். இரண்டையும் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் பதித்து விளக்கைப் போட்டார்கள். ஏடிபி வந்தது. இரண்டு புரதங்களுக்கும் எந்த உறவும் கிடையாது. பொதுவாக இருந்தது ஒரு சவ்வும் புரோட்டான் ஏற்றத்தாழ்வும் மட்டும்தான். 1978ல் வேதியியல் நோபல் மிட்செலுக்குக் கிடைத்தது.

அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரியது? உட்சவ்வின் இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட். கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் இது 5 நானோமீட்டருக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்.

## வடம் என்பது மின்னூட்டம்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்.

எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம், புரோட்டான் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று ஈர்க்கும். ஒரு புரதத்துக்குள் ஏதோ ஓரிடத்துக்கு எலக்ட்ரான் வந்து உட்கார்ந்தால், சுற்றியிருக்கும் கொழுப்புச் சூழலில் அந்தத் தனி எதிர்மின்னூட்டம் நிலைத்து நிற்பது கடினம். அதைச் சமன்செய்ய ஒரு புரோட்டான் பக்கத்தில் வந்தாக வேண்டும். எலக்ட்ரான் வந்ததும் அந்த இடம் புரோட்டானை இறுகப் பிடிக்கிறது. எலக்ட்ரான் போனதும் பிடி தளர்கிறது. வடம் இதுதான். ஆற்றல் எங்கோ வெளிப்பட்டு எங்கோ பயன்படவில்லை. எலக்ட்ரான் இருப்பதும் இல்லாததும் புரோட்டானின் மீதுள்ள பிடியை நேரடியாக மாற்றுகிறது.

ஆனால் இரண்டும் ஒரே வழியில் போவதில்லை. எலக்ட்ரான் மிக இலேசானது. புரதத்துக்குள் பதிந்த உலோக அணுக்களுக்கு இடையே சுமார் 1.4 நானோமீட்டர் வரை குவாண்டம் ஊடுருவல் மூலம் அது தாண்டிவிடும். குவாண்டம் ஊடுருவல் என்றால், நடுவில் உள்ள தடையை ஏறிக் கடக்காமலே மறுபக்கத்தில் இருப்பது. எலக்ட்ரானுக்கு வேண்டியது தாண்டும் தூரத்தில் ஒரு படி, அவ்வளவுதான். புரோட்டான் ஏறக்குறைய 1,836 மடங்கு கனமானது. அதனால் அப்படித் தாண்ட முடியாது. அதற்கு நீர் மூலக்கூறுகளும், புரதம் கோத்துக் கட்டப்பட்டிருக்கும் துண்டுகளான அமினோ அமிலங்களில் சிலவும் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு முனையில் ஒரு புரோட்டான் ஏறிக்கொள்ள, வரிசையில் பிணைப்புகள் ஒவ்வொன்றாக மாறி, மறுமுனையில் வேறொரு புரோட்டான் இறங்கும். இந்த வரிசை ஓரிடத்தில் அறுந்தாலும் போதும், புரோட்டான் அங்கேயே நின்றுவிடும்.

நொதி தன் கதவுகளை வைத்திருப்பது இந்த வேறுபாட்டில்தான். புரோட்டான் வழியை ஓரிடத்தில் சேர்த்து இன்னோரிடத்தில் துண்டிக்க, ஒரு நீர் மூலக்கூறோ ஓர் அமினோ அமிலத்தின் கையோ கொஞ்சம் திரும்பினால் போதும். பிடி இறுகியிருக்கும்போது உட்பக்க வழி திறந்திருக்க வேண்டும். பிடி தளரும்போது வெளிப்பக்க வழி திறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் திறக்கவே கூடாது. அந்தத் தோல் வாலின் வேலை இதுதான்.

சுருக்கமாக: எலக்ட்ரான் பிடியை மாற்றுகிறது, நொதியின் அமைப்பு வாசலை மாற்றுகிறது. இரண்டும் ஒத்து நடந்தால்தான் புரோட்டான் ஏறும். மூன்று நொதிகளும் இதை மூன்று விதமாகச் சாதிக்கின்றன. எளிதானதிலிருந்து போவதற்காக வரிசையை மாற்றி மூன்றாவதில் தொடங்குகிறேன்.

## மூன்றாவது நொதி: சுமப்பவரே கடத்துகிறார்

சவ்வின் கொழுப்புக்குள் குவினோன் என்ற சிறிய மூலக்கூறு அலைந்துகொண்டிருக்கிறது. மருந்துக் கடைகளில் கோஎன்சைம் க்யூ10 என்று விற்கிறார்களே, அதுதான். குவினோன் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கினால் கூடவே இரண்டு புரோட்டான்களையும் வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டால் புரோட்டான்களையும் விட்டுவிடும். இதன் வேதியியலே அப்படி.

அப்படியானால் தந்திரம் எளிது. உட்பக்கத்துக்கு அருகில் வாங்க வைத்து, வெளிப்பக்கத்துக்கு அருகில் கொடுக்க வைத்தால் புரோட்டான் கடந்துவிட்டது. இங்கே தனியாகக் கதவுகூட வேண்டியதில்லை.

மூன்றாவது நொதி இதிலும் ஒரு படி மேலே போகிறது. குவினோன் வெளிப்பக்க இடத்தில் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கும்போது, ஒன்று மட்டும் முன்னே போகிறது. சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதம் அதை நான்காவது நொதிக்கு எடுத்துச் செல்லும். மற்ற எலக்ட்ரான் சவ்வைக் கடந்து உட்பக்கத்துக்கே திரும்பி, அங்கே காத்திருக்கும் இன்னொரு குவினோனில் ஏறுகிறது. இப்படி இரண்டு முறை நடந்தால் அந்தக் குவினோன் நிரம்பிவிடும். நிரம்பும்போது உட்பக்கத்திலிருந்து இரண்டு புரோட்டான்களை இழுத்துக்கொள்ளும். பாதி எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்புவதால் புரோட்டான் கணக்கு இரட்டிப்பாகிறது. முன்னே போகும் ஒவ்வொரு இரண்டு எலக்ட்ரானுக்கும் வெளியே 4 புரோட்டான்கள் சேர்கின்றன. இதற்குக் குவினோன் சுழற்சி என்று பெயர், மிட்செல் 1975ல் முன்வைத்தது.

இரண்டு எலக்ட்ரான்களும் ஏன் சுலபமான முன்வழியிலேயே போய்விடவில்லை? முதல் எலக்ட்ரானை வாங்கும் இரும்பு-கந்தகப் பகுதி, வாங்கிய கையோடு சுமார் 2 நானோமீட்டர் திரும்பி அந்தப் பக்கம் போய்விடுகிறது. அது திரும்பி வரும்வரை இரண்டாவது எலக்ட்ரானுக்கு அந்த வழி இல்லை. 1990களின் இறுதியில், நொதியைப் படிகமாக்கிக் கண்டறிந்த அமைப்புகளில் இந்தப் பகுதி வெவ்வேறு நிலைகளில் நிற்பதைப் பார்த்துத்தான் இது புரிந்தது.

## நான்காவது நொதி: வாயில் காப்பவர்

எனக்கு மிகவும் பிடித்தது இது. நாம் இழுக்கும் ஆக்சிஜன் வந்து சேரும் இடமும் இதுதான்.

சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்பது இதன் பெயர். வெளிப்பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. முதலில் தாமிர அணுக்கள், அப்புறம் ஒரு ஹீம், அப்புறம் இன்னொரு ஹீமும் தாமிர அணுவும் எதிரெதிரே நிற்கும் மையம். ஹீம் என்பது நடுவில் இரும்பு அணு உள்ள வளைய மூலக்கூறு. இரத்தம் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். ஆக்சிஜன் மூலக்கூறு அந்த மையத்தில் இரும்புக்கும் தாமிரத்துக்கும் நடுவில் வந்து அமர்கிறது. 4 எலக்ட்ரான்களும் 4 புரோட்டான்களும் வந்து சேர்ந்தால் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள்.

கவனியுங்கள்: எலக்ட்ரான்கள் வெளிப்பக்கத்திலிருந்து வருகின்றன, தண்ணீருக்கான புரோட்டான்கள் உட்பக்கத்திலிருந்து வருகின்றன. இதுவே சவ்வின் மின்னழுத்தத்தைக் கூட்டும். இந்த நொதி செய்வது இவ்வளவுதான் என்று மிட்செல் உறுதியாக நம்பினார். 1977ல் ஹெல்சிங்கியைச் சேர்ந்த மோர்தன் விக்ஸ்ட்ரோம், இதற்கு மேலும் 4 புரோட்டான்கள் சவ்வைக் கடந்து வெளியே ஏறுகின்றன என்று அளந்து காட்டினார். மிட்செல் ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1980களின் நடுவில்தான் மிட்செல் தரப்பு ஏற்றுக்கொண்டது. பெரிய உண்மையைக் கண்டவரே அதன் அடுத்த படியை மறுத்தார், பிறகு அளவீடுகளுக்குப் பணிந்தார். இரண்டையுமே நான் மதிக்கிறேன்.

சரி, இந்தக் கூடுதல் 4 புரோட்டான்கள் எப்படி ஏறுகின்றன? ஒரே ஒரு எலக்ட்ரான் வருவதைப் பின்தொடர்வோம். ரோடோபாக்டர் என்ற பாக்டீரியாவிலும் நம் நொதியின் நெருங்கிய உறவு நொதி ஒன்று இருக்கிறது. மரபணுவை மாற்றிச் சோதிக்க வசதியானது என்பதால் நிறைய விவரங்கள் அதிலிருந்து வந்தவை.

எலக்ட்ரான் முதல் ஹீமுக்கு வருகிறது. அதன் எதிர்மின்னூட்டம் இழுக்க, உட்பக்கத்திலிருந்து நீர் வரிசை வழியாக ஒரு புரோட்டான் மேலே வருகிறது. வழியின் முடிவில் 286ஆம் இடத்தில் ஒரு குளுட்டமேட், அதாவது புரோட்டானைப் பிடித்துவிடக்கூடிய ஓர் அமினோ அமிலம், நிற்கிறது. இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தண்ணீர் உருவாகும் மையத்துக்குப் போகும், மற்றது ஹீம்களுக்கு மேலே உள்ள ஒரு தங்குமிடத்துக்குப் போகும். முதல் புரோட்டான் அந்தத் தங்குமிடத்துக்குப் போய்க் காத்திருக்கிறது. இப்போது எலக்ட்ரான் முதல் ஹீமிலிருந்து மையத்துக்குத் தாவுகிறது. அதைச் சமன்செய்ய இரண்டாவது புரோட்டான் அதே வழியில் வந்து, குளுட்டமேட்டின் வழியாக மையத்துக்குப் போய்த் தண்ணீரில் சேர்கிறது. எலக்ட்ரானுக்குத் துணை கிடைத்துவிட்டது. மேலே தங்கியிருக்கும் முதல் புரோட்டானைப் பிடித்துவைக்க இனி எதுவும் இல்லை. பக்கத்தில் வந்த இன்னொரு நேர்மின்னூட்டம் அதைத் தள்ளவும் செய்கிறது. கீழே திரும்பும் வழியை அதற்குள் குளுட்டமேட் துண்டித்திருக்கும். மிஞ்சியிருப்பது வெளிவாசல் மட்டும். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் படம் இது.

இதில் எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. ஏற வேண்டிய புரோட்டான் முன்னால் வர வேண்டும், தண்ணீராக வேண்டிய புரோட்டான் பின்னால் வர வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அருமையான சான்று உண்டு. அதே ரோடோபாக்டர் நொதியில் புரோட்டான் வழியின் தொடக்கப் பகுதியில், 139ஆம் இடத்தில் உள்ள அஸ்பரஜின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை அஸ்பார்டேட் என்ற இன்னோர் அமினோ அமிலமாக மாற்றினார்கள். நொதி நன்றாக வேலை செய்தது. சாதாரண நொதியைவிட வேகமாகக்கூட. எலக்ட்ரான்கள் ஓடின, ஆக்சிஜன் தண்ணீராகியது. ஆனால் ஒரு புரோட்டான்கூட ஏறவில்லை.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. எலக்ட்ரான் இறங்கிய உயரம் மாறவில்லை, வெளிப்பட்ட ஆற்றலும் மாறவில்லை. ஆனாலும் அது புரோட்டானை ஏற்றவில்லை, சூடாகப் போயிற்று. ஏற்ற வைப்பது நொதியின் அமைப்பு.

## முதல் நொதி: தூரத்திலிருந்து இழுப்பது

மூன்றிலும் பெரியது இது. பாலூட்டிகளில் 45 புரதத் துண்டுகள் சேர்ந்தது. படுக்க வைத்த ஒரு கையும் நிமிர்ந்து நிற்கும் ஒரு கையுமாக வளைந்த உருவம். படுத்த கை சவ்வுக்குள், நிமிர்ந்த கை உட்பக்கத்தில். என்ஏடிஎச் தன் எலக்ட்ரான்களை நிமிர்ந்த கையின் உச்சிக்கு அருகில் கொடுக்கிறது. அங்கிருந்து ஏழு இரும்பு-கந்தகக் கொத்துகளைப் படிகளாகக் கொண்டு அவை கீழே இறங்கி, இரண்டு கைகளும் சேரும் இடத்தில் குவினோனை அடைகின்றன.

புதிர் என்னவென்றால், எலக்ட்ரான்கள் படுத்த கைக்குள் போவதே இல்லை. புரோட்டான் வழிகளோ அங்கேதான் இருக்கின்றன, சில 10 நானோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் இரண்டு எலக்ட்ரானுக்கு 4 புரோட்டான் தவறாமல் ஏறுகிறது.

2010ல் லியோனிட் சசனோவின் குழு இதன் மொத்த வடிவத்தை வெளியிட்டபோது, படுத்த கையின் நெடுகிலும் ஒரு நீண்ட புரதச் சுருள் தெரிந்தது. அது முன்னும் பின்னும் அசைந்து தூரத்து வழிகளைத் திறக்கிறது என்று அப்போது நினைத்தார்கள். பின்னால் அந்தச் சுருளில் மாற்றம் செய்து பார்த்தபோதும் புரோட்டான் ஏறியதால் அந்தக் கருத்து வலுவிழந்தது. இப்போது கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. படுத்த கையின் நடுவே, சவ்வின் ஆழத்தில், மின்னூட்டம் ஏற்கும் அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. குவினோன் இருக்கும் இடத்தில் மின்னூட்டம் மாறினால் அதன் பாதிப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று கடைசி வரை போகும். எந்தப் படியில் எந்த வாசல் திறக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கடுமையான வாதம் நடக்கிறது.

இரண்டாவது நொதியை ஏன் விட்டுவிட்டோம்? அதில் எலக்ட்ரான் இறங்கும் உயரம் மிகக் குறைவு. ஒரு புரோட்டானை ஏற்றவும் அது போதாது. அது ஏற்றுவதும் இல்லை.

## கணக்கு ஒத்துவருகிறதா?

என்ஏடிஎச்சிலிருந்து ஆக்சிஜன் வரை ஓர் எலக்ட்ரான் இறங்கும் உயரம் சுமார் 1.14 வோல்ட். இரண்டு எலக்ட்ரானுக்கு 2.28. அந்த இரண்டு எலக்ட்ரான் ஏற்றும் புரோட்டான்கள்: முதல் நொதியில் 4, மூன்றாவதில் 4, நான்காவதில் 2, ஆக 10. ஒவ்வொன்றும் ஏறும் உயரம், மின்னழுத்தத்தையும் செறிவு வேறுபாட்டையும் சேர்த்து, ஏறத்தாழ 0.18 வோல்ட். 10 புரோட்டானுக்கு 1.8. இறங்கிய ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குச் சேமிக்கப்படுகிறது. 

இறங்கும் கணக்கையும் பார்த்துவிடலாம். பசுவின் ஏடிபி சிந்தேஸ் ஒரு சுற்றுச் சுற்ற 8 புரோட்டான்கள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. செய்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஏடிபி ஒன்றுக்கு இன்னொரு புரோட்டான் செலவாகிறது. இதனால் ஒரு என்ஏடிஎச்சுக்கு முழுதாக 3 ஏடிபி கிடைப்பதில்லை, 2.5 என்பது நெருங்கிய எண். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று நாம் படித்தது இங்கேதான் இடறுகிறது. இன்றைய கணக்கு 30ஐ ஒட்டியது.

இந்த இணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு நம் உடலே சாட்சி. உட்கார்ந்திருக்கும்போது ஏடிபி அதிகம் செலவாவதில்லை, ஏடிபி சிந்தேஸ் மெதுவாகிறது, வெளியே புரோட்டான்கள் குவிகின்றன. அந்த அழுத்தத்துக்கு எதிராக மேலும் ஏற்றுவது கடினமாகிறது. ஏற்ற முடியாவிட்டால் எலக்ட்ரானும் இறங்க முடியாது. சால் கனத்தால் மாடு நின்றுவிடும். அதனால் ஆக்சிஜன் செலவும் குறைகிறது. எழுந்து மாடிப்படி ஏறினால் ஏடிபி கரைகிறது, புரோட்டான்கள் உள்ளே இறங்குகின்றன, எலக்ட்ரான்கள் மறுபடி ஓடுகின்றன, மூச்சு வாங்குகிறது.

## நிறுத்துவது வேறு, அறுப்பது வேறு

இரண்டு வகை நஞ்சுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வழக்கம். சயனைடு நான்காவது நொதியில் ஆக்சிஜன் அமரும் மையத்தைப் பற்றிக்கொள்கிறது. எலக்ட்ரான் கடைசிப் படியில் நிற்க, வரிசை முழுவதும் தேங்குகிறது. மரவள்ளிக்கிழங்கின் தோலை நன்றாக நீக்கி, கிழங்கைப் பக்குவமாக வேகவைத்து உண்ணச் சொல்வது, சயனைடு வெளியிடும் பொருள்கள் அதில் இருப்பதால்தான்.

டைநைட்ரோபீனால் அப்படி இல்லை. அது எலக்ட்ரானைத் தொடுவதே இல்லை. வெளிப்பக்கத்தில் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு, கொழுப்புச் சவ்வில் கரைந்து உள்ளே போய் அதை விட்டுவிட்டுத் திரும்பி வரும். ஏறியதெல்லாம் ஏடிபி சிந்தேஸைத் தொடாமலே ஒழுகி இறங்குகிறது. எதிர் அழுத்தம் இல்லாததால் எலக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடுகின்றன, ஆக்சிஜன் செலவு எகிறுகிறது, ஆற்றல் எல்லாம் சூடாகிறது. 1930களில் அமெரிக்காவில் இதை உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். எடை குறைந்தது உண்மை. கண்புரை வந்தது, உடல் சூடு தாங்காமல் மக்கள் இறந்தார்கள். 1938ல் வந்த புதிய மருந்துச் சட்டத்தோடு அது சந்தையிலிருந்து போனது. ஆனால் இன்றும் இணையத்தில் எடை குறைப்புப் பொடி என்று இதை விற்கிறார்கள், இன்றும் இளைஞர்கள் சாகிறார்கள். முறிமருந்து கிடையாது. "கொழுப்பை எரிக்கும்" என்று யாராவது இதைக் கொடுத்தால் தொடாதீர்கள்.

இதே ஒழுக்கை உடல் தானே செய்துகொள்ளும் இடமும் ஒன்று உண்டு. பிறந்த குழந்தைகளின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அந்த மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் தெர்மோஜெனின் என்ற புரதம் புரோட்டான்களை நேராக உள்ளே விடுகிறது. பச்சைக் குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றும் திறன் போதாது. இந்தக் கொழுப்புதான் அதைச் சூடாக வைக்கிறது. பெரியவர்களிடமும் இது வேலை செய்கிறது என்பது 2009ல் வெளியான ஸ்கேன் ஆய்வுகளில் உறுதியானது. டைநைட்ரோபீனாலுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். தெர்மோஜெனினை வழக்கமாக ஏடிபி போன்ற மூலக்கூறுகள் அடைத்து வைத்திருக்கின்றன. குளிர் தட்டும்போது நரம்பு சொல்ல, கொழுப்பு அமிலங்கள் வந்து அதைத் திறக்கின்றன. உடல் சூடானதும் அது மறுபடி அடைபடுகிறது.